பெத்தேருக் கரைத் தெரு

அன்பு மகள் ஆனந்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்கக் குலதெய்வம் துணை. இங்கு நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இன்று கண்ணைக் காட்டக் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார், சாயங்கால பஸ்ஸில்தான் வருவார். நம் ஊர்த் தபாலில் போட்டால் பழைய போஸ்ட் மாஸ்டரான உன் அப்பா காதுக்கு அரை மணி நேரத்தில் போய்விடும் என்பதால் கடைச்சரக்கு எடுக்க டவுனுக்குப் போகிற இஸ்மாயில் அண்ணாச்சியிடம் அங்கே போடச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டோடு சேர்த்துப் பதினோரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வெள்ளத் தடுப்புக்காகக் கரை கட்டப் போகிறார்களாம். பின்னால் ஓடுவது ஆறு என்றால் ஐம்பது அடி தள்ளித்தான் வீடு இருக்க வேண்டுமாம், ஓடை என்றால் பதினைந்து அடி போதுமாம். நம் வீடு முப்பது அடியில் நிற்கிறது. இதை யார் ஆறு என்று சொன்னது என்று கேள். உன் அப்பாதான். போன மாதம் அளக்க வந்த ஆபீசர் தெருவில் நின்று இந்த ஓடைக்கு என்ன பெயர் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வேறு யாராவது இருந்தால் ஓடைதான் சார் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு, என்னைக் காப்பி போடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். தமிழ் ஆட்கள் கரிசலோடை என்பார்கள், நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், எங்களுக்கு இது பெத்தேரு, பெத்த என்றால் பெரிய, ஏரு என்றால் ஆறு, தமிழ் ஆறும் தெலுங்கு ஏரும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள், வடக்கேயிருந்து வந்த எங்கள் முன்னோர் முதலில் தண்ணீர் குடித்த இடம், சின்னத் தண்ணீருக்கா பெரிய ஆறு என்று பெயர் வைப்பார்கள் என்று அரை மணி நேரம். ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். அப்பா ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்.

நோட்டீஸில் ‘உள்ளூர்வாசியே ஆறு என ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி அதைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, உங்க தெலுங்கு எங்க வீட்டையும்லா சேத்து இடிக்கப் போகுது” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், பிறகு நம் வாசல் பக்கம் திரும்பவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இஸ்மாயில் அண்ணாச்சி மட்டும் வந்தார். அவர் வீட்டில் உருது பேசுவார்கள், இதை நாலா என்றுதான் சொல்வார்களாம், வாய்க்கால் மாதிரி என்று அர்த்தமாம், வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன் என்றார். நல்லது என்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. உன் அப்பா அவரிடம் நாலா என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கையில் இருந்த டம்ளரை அவர் தலையில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

வேறு வழியும் இல்லை ஆனந்தி. முன்பு எல்லாரும் ஓடைக்கரை என்று எழுதியதால் ஊரில் இருக்கிற மூன்று ஓடைக்கரைக் கடிதங்களும் கலந்துபோகின்றன என்று பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்து இந்தத் தெருவுக்குப் பெத்தேருக் கரைத் தெரு என்று பெயர் வாங்கியதே இவர்தான். ரேஷன் கார்டு, ஆதார், உன்னிடம் வர எடுத்த பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதுதான். இது எங்கள் வீடு என்று எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் அதிலேயே ஆறு இருக்கிறது. நீ உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்பாய். பத்துக் குடும்பத்தை மாட்டிவிட்டு பிளேன் ஏறினால் ஓடிப்போனதாகத்தான் பேசுவார்கள். உன் பிரசவத்துக்கு வர வேண்டியவள் இங்கே கட்டிப்போட்ட மாடாக நிற்கிறேன்.

வியாழக்கிழமை திரும்பவும் விசாரணை. பெண்களிடமும் கேட்பார்களாம், வீட்டில் இதை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று. ஓடை என்று சொல்லத் தெருவில் எல்லாரும் பேசி வைத்திருக்கிறோம். நானும் துணி துவைக்கும்போதெல்லாம் ஓடை ஓடை என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய் தவறிப் பெத்தேரு என்றுதான் வருகிறது. உன் கல்யாணத்துக்கு மறுவருஷம் வந்த மார்கழி வெள்ளத்தில் பின்வாசல் மூன்றாம் படி வரை ஏறி வந்ததை நான் கண்ணால் பார்த்தவள். எனக்குத் தெரியாதா அது என்னவென்று. ஆறு என்றால் வீட்டை அவர்கள் எடுப்பார்கள், ஓடை என்றால் ஒருநாள் அதுவே எடுத்துக்கொள்ளும்.

நேற்றுக் காலை குளியலறையிலிருந்து அப்பா குரல் கேட்டது. யாரிடம் பேசுகிறார் என்று கதவருகே போய் நின்றேன். “வயசாயிட்டு சார், தப்பாச் சொல்லிட்டேன். பெரிய ஆறுன்னு ஒண்ணும் அர்த்தம் இல்ல.” திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத் தபால் வேலையில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிக் கொடுக்காத மனுஷன். நான் அடுப்படிக்கு வந்து அழுதேன். மத்தியானம் சோறு போடும்போது, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், அந்தப் பொய்யை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் மோரை ஊற்றச் சொன்னார்.

இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை முடிந்திருக்கும். நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, இரும்பு மாத்திரையை விடாதே, ஐஸில் வழுக்காத செருப்பைப் போடு. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. வழக்கமான முகவரியை உறையில் எழுதினால் அதுவும் நமக்கு எதிர்ச் சாட்சி, ஓடைக்கரை என்று எழுதினால் கடிதம் வந்து சேராது. போனில் கூப்பிடு, ஒன்றும் தெரியாத மாதிரிப் பேசு. எப்போது பேசினாலும் பெத்தேருல தண்ணி வந்துட்டாப்பா என்று முதலில் கேட்பாயே, இனிமேல் அதை மட்டும் அவரிடம் கேட்காதே.

உன் அம்மா,
வெயிலுகந்தம்மாள்