டயர்ட் பெஞ்ச்

மார்ச் 3, திங்கள்

கிளினிக் வரவேற்பு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில், வருகிறவர் வாயைத் திறந்ததுமே எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்துவிடுகிறது. நெஞ்சு வலி என்றால் நேராக உள்ளே. காய்ச்சல் என்றால் முன்வரிசை. ‘டயர்டா இருக்கு’ என்றால் ஃபேன் காற்று எட்டாத கடைசி பெஞ்ச். நானும் நர்ஸும் அதற்கு வைத்திருக்கும் பெயர் டயர்ட் பெஞ்ச். யாருக்குத்தான் டயர்ட் இல்லை?

வீட்டுக்கு வந்தால் அண்ணியும் அதே பாட்டு. தையல் ஃபேக்டரியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், “டயர்டா இருக்கு.”

“அண்ணி, இன்னிக்கு ஒருநாள் டயர்டுக்கு லீவு விடுங்களேன்” என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணியும் சிரித்தார்.

மார்ச் 6

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார் அண்ணி. “டயர்ட் எக்ஸ்பிரஸ் நின்னுடுச்சா?” என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனேன்.

மார்ச் 11



என்னிடம் சொல்லாமலே அண்ணி கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் நின்று, மேசைக்கு வந்து, எல்லோரையும் போல “டயர்டா இருக்கு” என்றார். எனக்கு எரிச்சல். வீட்டில் போதாதென்று இங்கேயுமா? சொந்தக்காரரை முன்னால் அனுப்பினால் நாலு பேர் பேசுவார்கள் என்று ஒரு சாக்கு வேறு. கடைசி பெஞ்சைக் கை காட்டினேன். பின்னால் வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பினேன். ஒரு பெரியவருக்கு இடம் விட எழுந்த அண்ணி அப்படியே சரிந்தார்.

உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லையாம்.

“வீட்ல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“சொல்லிக்கிட்டேதான் சார் இருந்தேன்.”

அதில் குறை சொல்லும் குரல்கூட இல்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மார்ச் 12

ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? தினம் தினம் சொன்னாங்களே— வேற என்ன வார்த்தை சொல்லியிருக்கணும் அவங்க?

மார்ச் 20

ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன். “போடி, அதையெல்லாம் மனசுலயா வெச்சுக்கிட்டு இருக்கேன்?” என்றார். ஆனால் சுவரைப் பிடித்து நடக்கும்போதும் “நல்லாருக்கேன், ஒண்ணுமில்ல” என்கிறார். அந்த ‘டயர்ட்’ மட்டும் வாயில் வருவதே இல்லை. மற்றதையெல்லாம் விட இதுதான் என்னைக் கூனிக்குறுக வைக்கிறது.

ஏப்ரல் 2

கடைசி பெஞ்சை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டேன். நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஏப்ரல் 9

சமையலுக்கு நடுவில் அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

“டயர்டா இருக்கு.”

சொல்லிவிட்டு, சட்டென்று என் முகத்தைப் பார்த்தார், நான் சிரிக்கிறேனா என்று.