மனுவின் பின்பக்கம்

இன்று காலைத் தபாலில் உங்கள் கந்தோரிலிருந்து நான்கு மனுக்கள் வந்தன. அதே மண்ணிற உறை, அதே முத்திரை, மேலே பதிவிலக்கம், கீழே பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை வேண்டுமென்ற வரி. முகப்புக் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. ஒவ்வொரு மனுவிலும் கடைசித் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். நான்கும் வெறுந்தாள். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

பிரதமருக்கு எழுதினால் பிரதமரே வாசிப்பார் என்று எங்கள் சனம் நம்புகிறது. இந்தப் பிரதேச செயலகத்துக்கு நிர்வாக உத்தியோகத்தராக வரும்வரை நானும் அரைகுறையாக அப்படித்தான் நம்பியிருந்தேன். கொழும்பில் பிரதமரின் அலுவலகத்தில் மனுக்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அங்கே தமிழ்க் கடிதங்களை ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். சிங்களத்தில் மூன்று வரியாகச் சுருக்கி, இலக்கமிட்டு, எந்தக் கந்தோரைப் பற்றிய முறைப்பாடோ அந்தக் கந்தோரிடமே அறிக்கை கேட்டு அனுப்புவார். இவ்வளவும் உங்கள் முதல் தொலைபேசி அழைப்பில்தான் எனக்கு விளங்கியது.

"அவர் எத்தினையை வாசிக்கிறது அண்ணை? அவருக்காண்டி நாங்கள் வாசிக்கிறம். நாங்களும் வாசிக்காட்டி ஒருத்தரும் வாசிக்கேல்ல எண்டுதான் அர்த்தம்," என்றீர்கள். பிறகு குரலைத் தணித்து, "மனுவின்ர பின்பக்கம் பாத்தனீங்களோ?" என்று கேட்டீர்கள்.

பார்த்தேன். தாளின் அடியில் பென்சிலால் பொடி எழுத்தில் இருந்தது: 'இவருக்குக் கண் தெரியாது. பதிலை ஆராவது வாசிச்சுக் காட்டுங்கோ.' மூன்று வரிச் சுருக்கத்துக்குள் அடங்காததையெல்லாம் நீங்கள் அங்கே எழுதினீர்கள். 'கோபமா எழுதியிருக்கிறார், ஆனா சொல்லுறது சரி.' 'கடிதம் வேற ஆரோ எழுதினது. இந்தப் பிள்ளையை நேரில கேளுங்கோ.' விதியில் இடமில்லாத வேலை என்பதால் வாசித்ததும் அழித்துவிடச் சொன்னீர்கள். அழித்தேன். ஆறு வருடத்தில் என் மேசையில் ஒரு பெரிய அழிறப்பர் தேய்ந்து கடலையளவாகிவிட்டது.

ஒரே ஒரு தரம்தான் உங்களை நேரில் கண்டேன். பிரதமர் இங்கே ஒரு கட்டடம் திறக்க வந்த சமயம். நீங்கள் இரண்டு நாள் முந்தியே வந்து, மாவட்டத்து மனுக்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். கூட்டத்தில் யாராவது கடதாசி நீட்டினால் பிரதமர் விழிக்கக் கூடாதாம். எங்கள் ஆட்கள் மேடையையும் மாலையையும் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் மேடைக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையொன்றில் கோவையை மடியில் வைத்தபடி இருந்தீர்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "தங்கச்சிக்கு எந்த இடம்?" என்று கேட்டேன். "வன்னிதான் அண்ணை, கொஞ்சம் உள்ளுக்கை," என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவுமில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கந்தோரில் ஒரு கோவை நகர வேண்டுமென்றால் யாராவது அதற்குக் கால் பூட்டிவிட வேண்டும். பென்சில் வரி உள்ள மனுக்களுக்கு நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வரி இல்லாதவற்றுக்கு, 'தங்கள் விடயம் தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது' என்ற கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பினேன். அவற்றை நான் வாசிப்பதில்லை. உங்கள் இரக்கத்தை என் சோம்பலுக்கு வாய்ப்பாக்கிக்கொண்டேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு ஒரு நாள் உங்கள் பிரிவிலிருந்து வேறொருவர் அழைத்தார். "அவா மோசம் போயிட்டா சேர். கொஞ்ச நாளாச் சுகமில்லாமத்தான் வேலைக்கு வந்தவா. பிரேதத்தை ஊருக்குத்தான் கொண்டு போனவை," என்று விலாசமும் சொன்னார். எழுதி முடித்துப் பார்த்தால், அது எங்கள் பிரதேச செயலகத்துக்கு உட்பட்ட ஊர்தான். பிரதான வீதியிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் கிரவல் பாதை. எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. வைத்திருந்த லீவுக் கடிதங்களில் ஒப்பமிட்டேன், மத்தியானம் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டேன்.

பதினாறாம் நாள் போனேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர். உங்கள் வீடு தகரக் கொட்டில். ஒரு பக்கத்துச் சுவர் இன்னும் தறப்பாள். பிரதமர் அலுவலகத்தில் வேலை செய்த பிள்ளையின் வீடு இது என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது. உங்கள் அம்மாவிடம் என் பெயரையும் கந்தோரையும் சொன்னேன். அவர் உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கடிதம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது. கீழே என் கையொப்பம்.

இடப்பெயர்வில் அப்பாவும் போய்க் காணிப் பத்திரமும் தொலைந்ததாம். பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டத்தில் பெயர் இல்லை. எங்கள் கந்தோருக்கு மூன்று தரம் நடந்துவிட்டு, கடைசியில் அம்மா ஒருவரைக் கொண்டு பிரதமருக்கு எழுதுவித்திருக்கிறார். அந்த மனுவை வாசித்தது நீங்கள். மூன்று வரியில் சுருக்கியது நீங்கள். பின்பக்கத்தை வெறுமையாக விட்டதும் நீங்கள்தான்.

"அம்புட்டுப் பெரிய ஆபீசுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதான்னு நானும் கேட்டேன் தம்பி," என்றார் அம்மா. "நம்ம வீட்டுக்குச் சொன்னா, மத்தவங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும்னு சொல்லிருச்சு."

அந்த இரண்டு வருடமும் நீங்கள் என்னோடு தொலைபேசியில் கதைத்தீர்கள். யாரோ ஒருவரின் கிணற்றுக்காக, யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழுக்காக. குரலில் ஒரு பிசகும் இல்லை. நான் அந்த முற்றத்தில் நின்று, "அம்மா, இதில ஒண்டும் இல்லை. உங்கட மனுவை வாசிக்காமத்தான் நான் கையெழுத்து வைச்சனான்," என்று சொன்னேன். சொல்லும்போதுகூட வேறு யாரோ சொல்வதைக் கேட்பது மாதிரித்தான் இருந்தது.

"அதுவும் மக சொல்லுச்சு," என்றார். "வாசிக்காமப் போட்ட கையெழுத்தும்மா இது, வாசிச்சா அவரு கட்டாயம் வருவாருன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப வாசிச்சிட்டீங்களா தம்பி?"

அடுத்த நாள் காணி உத்தியோகத்தருடன் பழைய பதிவேட்டை எடுத்தேன். உங்கள் அப்பாவின் பெயர் அதில் தெளிவாகவே இருந்தது. தேடிப் பிடிக்க அரைநாள் கூடத் தேவைப்படவில்லை. மற்ற ஒப்பங்களுக்குத்தான் மாதங்கள் போயின. போன கிழமை அம்மாவின் பெயரில் பத்திரம் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கைநாட்டு வைத்த பெருவிரலை அவர் சேலையில் துடைத்துவிட்டு, அந்தப் பத்திரத்தையும் அதே பொலித்தீன் பைக்குள், என் பழைய கடிதத்தோடு சேர்த்து வைத்தார். கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இப்போது எந்த மனு வந்தாலும் முழுதாக வாசித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி நானே எழுதிய பிறகுதான் முன்பக்கத்தில் கை வைக்கிறேன். இன்று வந்த நான்குக்கும் எழுதினேன். வேலை முடிந்ததும் வழக்கம்போல அழித்துவிடுவேன்.

பிறகு அம்மாவின் கோவையை எடுத்தேன். உங்கள் கந்தோருக்கு இறுதி அறிக்கை அனுப்பி இலக்கத்தை மூட வேண்டும். அனுப்பினேன். எங்களிடம் இருக்கும் மனுவைப் புரட்டி, நீங்கள் வெறுமையாக விட்ட இடத்தில், 'இதை முதலில வாசிச்சது இவவின்ர மகள்' என்று எழுதினேன். அழிறப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கோவையை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.