என் மகளுக்குத் தமிழில் சோதனை வையுங்கள்

ஜூன் 9

நிஷாலினியின் பள்ளிக்கூட அதிபர் வரச் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நான் பார்க்கும் குழந்தைகளை மாரியாயி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். மகளை இந்த முறை பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்கு அனுப்ப வேண்டாமாம். வாசிக்கத் தெரியாத பிள்ளை பெயிலானால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெடுமாம். தையல் பழக்கச் சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்றாள். அவள் காதில் விழத்தான் சொல்லணுமா?

"எழுதுவா சார்" என்றேன். எப்படி? தெரியாது. எழுதுவாள்.

ஜூன் 11

விஞ்ஞானப் புத்தகத்தை நான் வாசித்தேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இருதயத்துக்குள் இரத்தம் எப்படிப் போய் வருகிறது என்று பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அதே பக்கத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே வியர்த்துப் போகிறாள். இதுவா சோம்பல்? இதற்கா இத்தனை வருஷமும் பிரம்படி?

ஜூன் 20

இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க டவுனில் கிளினிக் இருக்கிறதாம். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் சொன்னார். அங்கே ரிப்போர்ட் கொடுத்தால் பரீட்சையில் கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவாராம். என் வீட்டுக்காரர் எட்வர்டுக்குப் பிடிக்கவில்லை.

"பைத்தியம்னு பேரு வந்துட்டா நாளைக்கு இவள யாரு கட்டுவா?"

"கட்ட வர்றவனா வந்து கேள்வி வாசிச்சுக் காட்டப் போறான்?"



ஜூலை 15

தெமோதரைக்கு நடந்து போய் பஸ் பிடித்தோம். கிளினிக்கில் சோதனைத் தாள் முழுக்கச் சிங்களம். என்னைப் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் ஓசையைக் கேட்டு எழுத்தைக் காட்ட வேண்டிய சோதனை - அதை எப்படி மொழிபெயர்ப்பது? இப்படிச் சோதித்தால் மந்தபுத்தி என்றுதான் எழுதுவார்கள். எழுந்துவிட்டேன். தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: தமிழில் வையுங்கள், முடியாதென்றால் முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். யாரும் எழுதித் தரவில்லை. உள்ளே போய்ப் பேசினார்கள். தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் வருவாராம், ஆகஸ்டில் வரச் சொன்னார்கள்.

ஜூலை 16

கலண்டரில் ஆகஸ்ட் மாதத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஆகஸ்ட் 19

டாக்டர் ஷிப்னா. சின்ன வயதுதான். மகளோடு வெகுநேரம் தனியாக இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"புத்தியில ஒரு கொறையும் இல்லம்மா. எழுத்த வாசிக்கிறதுலதான் சிக்கல். டிஸ்லெக்ஸியான்னு சொல்றது."

"அப்ப நான் மக்கு இல்லையா டாக்டர்?" நிஷாலினி கேட்டாள்.

"இல்ல."

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போது அவள் கையைப் பார்த்தேன். அடித்த டீச்சர்மார் எல்லாம் மாற்றலாகிப் போய்விட்டார்கள். யாரைப் போய்க் கேட்பது?

செப்டம்பர் 3

டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதிபர் சிரித்தார். இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு, தோட்டத்துக்கு யார் தரப்போகிறார்கள் என்றார். நாளைக்குக் கல்விக் காரியாலயம் போகிறேன். தனியாகத்தான்.

செப்டம்பர் 4

தனியாக இல்லை. விடியும்போதே எட்வர்ட் கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். காரியாலயத்தில் நாளைக்கு வரச் சொன்னபோது அவர்தான் பேசினார்.

"எங்க புள்ள பரீட்ச எழுதணும் ஐயா. நாங்க இங்கயே இருக்கோம்."

அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டோம். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மேடம் ரிப்போர்ட்டை வாசித்தார். எங்கள் முன்னாலேயே அதிபருக்குப் போன் எடுத்தார். வாசிக்க ஆள் கேட்கும் விண்ணப்பம் போகும்.

டிசம்பர் 22

அனுமதி வந்துவிட்டது! தனி அறை, வாசிக்க ஓர் ஆள், கூடுதல் நேரம்.

பெப்ரவரி 20

இன்று வரலாற்றுப் பரீட்சை. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடக் கேட்டடியில் நின்றோம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகுதான் வந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அந்த மிஸ் அவசர அவசரமா வாசிக்கிறாங்கம்மா. நிறுத்தச் சொல்லிட்டேன். மெதுவா திரும்ப வாசிங்கன்னு சொன்னேன்."

"வாசிச்சாங்களா?"

"விளங்குற வரைக்கும் விடலயே."

சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.