காலியாக விட்ட மூன்றாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் இருந்த காலத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "மிஸ், உங்க பொண்ணும் இதே கிளாஸ்லதானே படிக்கிறா, அவ பேப்பர யாரு திருத்துவா?" பக்கத்து வகுப்பு ஆசிரியை என்றேன். "அப்போ சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நலன் அறிவிப்புப் படிவம்: முடிவெடுப்பவருக்கு அதில் சொந்த ஆதாயமோ உறவோ உண்டா என்று எழுதித் தருவது. பழைய நூலகக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்த மூன்று ஆண்டுக்கு ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறோம். வந்தவை இரண்டே விண்ணப்பங்கள். படித்துப் பார்த்து மதிப்பெண் போட மன்றத்திலிருந்து மூன்று பேர்: மருந்துக்கடைக்காரர், பேருந்து நடத்துநராக இருந்தவர், நான்.

முதல் விண்ணப்பம் என் ஓரகத்தியுடையது. என் கணவரின் தம்பி மனைவி. அவர்கள் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. உறவு இங்கே யாருக்கும் தெரியாது.

படிவத்தில் மூன்று கேள்விகள். உங்களுக்கு இதில் ஆதாயம் உண்டா? இல்லை. கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாரேனும் விண்ணப்பித்துள்ளனரா? இல்லை. ஓரகத்தி அந்தப் பட்டியலில் இல்லையே. மூன்றாவது: உங்கள் முடிவைப் பிறர் சந்தேகிக்கக்கூடிய வேறு தொடர்பு ஏதேனும் உண்டா?

அதைப் படிக்கவில்லை என்று எழுதினால் இந்த நோட்டுக்கும் பொய் சொன்னதாகும். படித்தேன். இரண்டு முறை. 'உண்டு' என்றும் எழுதவில்லை, 'இல்லை' என்றும் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். செயலாளர் பார்க்காமலே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

காலி இடம் பொய் ஆகாதுதானே?

மார்ச் 5, புதன்

இன்னொன்றும் எழுத வேண்டும். போன மாதம் ஓரகத்தி அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க. நான் எழுதினா எனக்கே புரியல." ஆறு தாள். சொல்ல வந்தது ஒரு பக்கம், எழுதியது ஒரு பக்கம். முப்பத்துநாலு வருடப் பழக்கம், என் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். வரிசையை மாற்றினேன். குழந்தையின் ஒரு நாளைக் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை மணிவாரியாக எழுதச் சொன்னேன். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று படம் வரையச் சொன்னேன். அப்போது இந்தக் குழுவே அமைக்கப்படவில்லை. அது உண்மை.

அமைத்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அதுவும் உண்மை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது விண்ணப்பதாரரின் இடத்தைப் பார்க்கப் போனோம். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. வாடகை வீட்டின் முன்னறையில் பதினோரு குழந்தைகள். எல்லாம் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள். சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். மீன், குடை, பொத்தான், படகு. பேர் படிக்கத் தெரியாத பிள்ளை தன் படத்தைப் பார்த்துத் தன் பையை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த யோசனை முப்பத்துநாலு வருடத்தில் தோன்றியதில்லை.

நடத்துநர் அவரிடம் சொன்னார்: "ஏம்மா, பதினோரு டிக்கெட்டும் சத்தமில்லாம உக்காந்திருக்கே. என் பஸ்ல ஒரு நாள் கூட இப்படி இல்ல."

"நீங்க வந்திருக்கீங்கன்னு நடிக்குதுங்க சார். கிளம்பினதும் பாருங்க" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "விண்ணப்பம் சரியா எழுதல டீச்சர். எழுத்து எனக்கு வராது. வேலதான் வரும்" என்றார். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 11, செவ்வாய்

மதிப்பெண் போட்டாயிற்று. மருந்துக்கடைக்காரரும் நடத்துநரும் சுவரில் கொக்கி மாட்டியிருந்த அந்தக் கொக்கிக்காரருக்குத்தான் கூடப் போட்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஆறு அதிகம். நான் எல்லாத் தலைப்பிலும் இருவருக்கும் சமமாகப் போட்டேன், 'திட்டம்' என்ற ஒன்றில் தவிர. அதில் ஓரகத்திக்கு இருபதுக்குப் பத்தொன்பது. அவருக்கு எட்டு. கூட்டிப் பார்த்தால் ஓரகத்தி ஐந்து மதிப்பெண் முன்னே.

தெளிவாக எழுதியதற்குத்தானே கூடப் போட்டேன் என்று என்னிடமே வாதாடுகிறேன். தெளிவாக எழுதியது யார்?

மருந்துக்கடைக்காரர் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர் போட்ட மார்க்குக்கு மேல அப்பீல் ஏது?"

சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கொக்கிக்காரர் வீடு தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தேன்.

வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் தன் விண்ணப்பத்தின் நகல்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். முடிவு முடிவுதான். எதுல குறைஞ்சதுன்னு காட்டினீங்கன்னா அடுத்த தடவ திருத்திக்குவேன். உங்ககிட்டப் படிச்சவங்க சொன்னாங்க, டீச்சர் பேப்பர் குடுத்தா தப்பு எங்கன்னு பக்கத்துல உக்கார வச்சுக் காட்டுவாங்கன்னு."

காட்டினேன். வேறென்ன செய்ய? ஒரு நாளை மணிவாரியாக எழுதலாம் என்றேன். வெளியேறும் வழிக்குப் படம் வரையலாம் என்றேன். ஓரகத்திக்குச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவர் தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

"இதெல்லாம் நான் தினமும் செய்யிறதுதான் டீச்சர். எழுதணும்னு தோணல."

போகும்போது நன்றி சொன்னார். எனக்கு.

மார்ச் 15, சனி

பரீட்சையில் இடம் காலியாக விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும். அவை தெரியாமல் விட்டவை. நான் பதில் தெரிந்ததால் விட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இன்றும் செயலாளரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நகராட்சி வாசல் வரை போனேன். செயலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். நிம்மதியாம்!

மார்ச் 20, வியாழன்

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி துடைத்த மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நீ திருத்திக் குடுத்த பேப்பருக்கு நீயே மார்க் போட்டுக்கிட்டே."

"ஆமா."

"பத்தொன்பதுதான் போட்டியா? உனக்கு நீயே ஒரு மார்க் குறைச்சிட்டியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சொல்லிடு. என் தம்பி பேசாமப் போனாப் போகட்டும். சின்ன வயசுல ஒரு சைக்கிளுக்காக ரெண்டு வருஷம் பேசாம இருந்தவன் அவன். எனக்குப் பழக்கம்தான்."

"உங்களுக்குப் பழக்கம். அவளுக்கு? கையில வேலையே இல்லாம எட்டு மாசமா உக்காந்திருக்கா. இது கிடைச்சதுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டா..."

"நீ இப்ப யாருக்காக யோசிக்கிறே? அவளுக்காகவா, உன் பேருக்காகவா?"

டீச்சர் என்ற பேர். முப்பத்துநாலு வருடமாகச் சேர்த்தது. அதைத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன் போல.

மார்ச் 22, சனி

செயலாளரிடம் சொல்லும் முன் ஓரகத்தியிடம் சொல்வதுதான் முறை என்று போனேன். சின்னச் சின்ன நாற்காலிகளுக்கு அளவு குறித்த தாள் மேசையில் இருந்தது. சொன்னேன். அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணினேன்?"

"நீ எதுவும் பண்ணல. நான்தான்."

"நீங்க குழுவுல வரப் போறீங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற யார்கிட்டயாவது காட்டியிருப்பேன். குழுவுல போட்டதும் நீங்கதானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்? நீங்க சொல்லல. இப்போ ஊர் முழுக்க என்னைத்தான் குறுக்கு வழின்னு பேசும்."

கொழுந்தன் உள்ளேயிருந்து வந்தார். "அண்ணி, அந்தப் பட்டியல்ல தம்பி பொண்டாட்டின்னு எங்கயும் இல்லையே. இல்லாத ரூலுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

மூன்றாவது கேள்வியைச் சொன்னேன். "அது சும்மா ஒரு ஒப்புக்குப் போட்ட கேள்வி அண்ணி" என்றார். இரண்டு வாரம் முன்பு நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவர் வாயால் கேட்கும்போது கூசியது.

அவள் வாசல் வரை வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

செயலாளர் கோப்பைப் பிரித்து அந்தக் காலி இடத்தை வெகுநேரம் பார்த்தார். "நானும் பாக்கல டீச்சர். உங்க கையெழுத்து இருந்தா நாங்க யாரும் மேல படிக்கிறதில்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

எழுத்தில் கொடுக்கச் சொன்னார். உறவு, திருத்திக் கொடுத்தது, காலியாக விட்டது, மூன்றையும் எழுதினேன். "மறதியால் விடுபட்டதுன்னு ஒரு வரி சேத்துக்கலாமே டீச்சர், உங்களுக்கு நல்லது" என்றார். சேர்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மன்றக் கூட்டத்தில் எழுந்து படித்தேன். முடிவு ரத்து. வேறு மூன்று பேர் புதிதாக மதிப்பெண் போடுவார்கள். ஓராண்டுக்கு நான் எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது. இது குறைவுதான் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். நடத்துநர் மட்டும் நின்று, "சில்லறை பாக்கிய இறங்குறதுக்குள்ள குடுத்துட்டீங்க. குடுக்காமலே இறங்கிப் போனவங்கள நான் பாத்திருக்கேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் மதிப்பெண் போட்டதிலிருந்து இன்று வரை பதினேழு நாள் கையில் வைத்திருந்தேனே.

ஏப்ரல் 1, செவ்வாய்

புதுக் குழு கூட மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் கொக்கிக்காரரின் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார் வீட்டுக்காரர். அந்தப் பக்கமாக நடந்தேன். வாசலில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூட்டைப் பார்த்தபடி நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் பதினொன்றாம் தேதியே சொல்லியிருந்தால்? நாலாம் தேதியே ஒரு வார்த்தை எழுதியிருந்தால்?

ஏப்ரல் 9, புதன்

ஓரகத்தி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். செயலாளர் சொல்லித்தான் தெரியும். நியாயமாகப் போட்டியிட்டு அவள் ஜெயித்திருக்கவும் கூடும். அந்த வாய்ப்பையும் நான்தான் கெடுத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கட்டடம் கொக்கிக்காரருக்கு. ஒரே விண்ணப்பம் என்றாலும் முறையாக மதிப்பெண் போட்டார்களாம். இந்த முறை மணிவாரியாக எழுதி இணைத்திருந்தாராம்.

மே 5, திங்கள்

காப்பகம் திறந்தது. நான் போகவில்லை. பிற்பகலில் கடைத்தெருவில் அவரே எதிர்ப்பட்டார். மன்றத்தில் நான் படித்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. கோபம் இருந்தால் முகத்தில் காட்டவில்லை.

"ஏழு பிள்ளைங்க வந்திருக்கு டீச்சர்."

"மீதி நாலு?"

"மூணு பேரு வேற இடம் பாத்துட்டாங்க. ஒருத்தி, சலவைக்கூடத்துல வேல பாத்தவ, பிள்ளைய விட இடமில்லாம கூட்டிக்கிட்டே போயிருக்கா. நிறுத்திட்டாங்க. இப்ப வேல தேடிக்கிட்டிருக்கா." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "பேனாவப் பிடிச்சவங்க சும்மா இருந்தாலும் இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது டீச்சர்."

வீடு தேடி வந்த அன்று அவர் சண்டை போட்டிருந்தால் இந்தச் சொல்லை முன்பே கேட்டிருப்பேன்.

மே 12, திங்கள்

சலவைக்கூடத்துப் பெண்ணின் வீட்டை விசாரித்துப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. "பரவால்லைங்க" என்றாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

மே 19, திங்கள்

செயலாளர் வந்தார். புதிதாகக் குழுக்களில் சேரும் உறுப்பினர்களுக்கு அந்தப் படிவத்தை நான் விளக்க வேண்டுமாம். "நீங்களே சொன்னா மனசுல நிக்கும் டீச்சர்." முடியாது என்றேன். முன்னால் நின்று பாடம் எடுக்கும் தகுதி இந்த வருடம் எனக்கு இல்லை. அவர் விடவில்லை. ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தருகிறேன், படிவத்தோடு குத்திக் கொடுங்கள், என் பேர் வேண்டாம் என்றேன்.

ஓரகத்தி நேற்று வந்திருந்தாள், எங்களோடு இருக்கும் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு. அவரிடம்தான் பேசினாள். கிளம்பும்போது என் பக்கம் பார்த்து, "வரேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

சீட்டில் இதை எழுதிக் கொடுத்தேன்:

மூன்றாவது கேள்விக்கு வந்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். உங்களுக்கு எந்த உறவும் இல்லாத அந்த மற்ற விண்ணப்பதாரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, உங்கள் பதிலை அவரிடம் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.