பத்து முறை எழுந்து நிற்க

பொம்மிடி
8-8-86

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் சாமியாருக்குப் படிக்கும் குருமடத்தில் யாரிடமும் காட்ட வேண்டாம்.

பக்கத்து முதியோர் இல்லத்தில் மறதி நோய் உள்ளவர்களுக்குக் காலையில் உடற்பயிற்சி செய்யவைப்பது என் வேலை. கால் வலுத்தால் கீழே விழமாட்டார்களாம். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். நான் சொன்னால் ஒருவரும் எழுவதில்லை. ராயம்மாள் ஆத்தா இரண்டு முறை விழுந்துவிட்டார். "இன்னொரு தரம் வுழுந்தா கட்டில்லதான் கட்டிப்போடணும்" என்று இல்லத்தை நடத்தும் சிஸ்டர் சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு நாள், பூசையில் சாமியார் சொல்வதுபோல, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றேன். எல்லோரும் எழுந்து, "உம்மோடும் இருப்பாராக" என்றார்கள். உட்காரவைத்து மறுபடியும் சொன்னேன். பத்து முறை.

"எத்தினி தரம்தான் எந்திரிக்கிறது? சாமியாருக்கு மறதி வந்திருச்சா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ் தாத்தா.

ஒன்றரை மாதமாக யாரும் விழவில்லை.

இன்று ஆத்தா எழுந்து, பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதுபோல நாக்கை நீட்டினார். நெடுநேரம் அப்படியே நின்றார். கால் நடுங்கியது. என் கையில் ரஸ்க் துண்டு ஒன்று இருந்தது. அதை நாக்கில் வைத்துவிட்டேன். நற்கருணையை மெல்லக்கூடாது என்பது ஆத்தாவுக்கு நினைவிருந்தது.

நாளை பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிடுவார். இது சாவான பாவமா என்று எழுதுங்கள். பதில் வரும்வரை வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறேன். காலைப் பயிற்சிக்கு மட்டும் போய்விடுவேன்.

உங்கள் தங்கை