இடது காதில் சொன்னது

நகரி,
மார்ச் 9, ஞாயிறு

மாண்புமிகு கணவர் கமலக்கண்ணன் அவர்களுக்கு,

சிவசங்கரி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால், சிக்னல் இல்லை என்கிறீர்கள். நான்கு வருடமாக, பம்பாய்ப் பக்கத்துப் பிவண்டியில் உங்களுக்கு மட்டும் சிக்னல் இல்லை. அதே அறையில் படுத்திருக்கும் பாபுவுக்கு நன்றாகவே இருக்கிறது. காகிதத்துக்குச் சிக்னல் தேவைப்படாது என்பதால் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. லட்சத்தீவுக்கு எல்லாம் கூடி வந்துவிட்டது. சித்தூரில் ரயில் ஏறி எர்ணாகுளம், அங்கிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து கப்பல். கப்பலில் மலிவான அடுக்குப் படுக்கை. தீவில் ஒரு வீட்டில் அறை, அவர்களோடே சாப்பாடு. திருப்பதியில் அலிபிரிப் பக்கம் டிராவல்ஸ் ஆபீசில் ஒன்பது வருடமாக ஊராருக்குப் பயணம் போட்டுக் கொடுக்கிறேன். எனக்காக நான் போட்ட முதல் பயணம் இது. அதனால் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். மன்னிக்கவும்.

தீவுக்குப் போக அனுமதி வேண்டுமே, அதற்காக நம் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று வாங்கப் போனேன். தேசமே திருப்பதிக்கு வருகிறது, நீ எங்கேம்மா கிளம்பினாய் என்று தெலுங்கில் கேட்டார் எஸ்.ஐ. கடலுக்கடியில் மீன் பார்க்க என்றேன். என் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார். அத்தையோ, அவ்வளவு ஆழத்துக்குப் போய் வெறுமனே பார்த்துவிட்டா வருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பார்த்தால் வாங்கியும் வரலாமே என்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டைவிங் பள்ளிக்காரர்களின் மருத்துவப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தீர்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது. காதில் அறுவை நடந்ததா, செவிப்பறையில் ஓட்டை உண்டா, கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா, தலை சுற்றுமா என்ற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. உங்களைவிட ஆரோக்கியமான மனிதர் ஆந்திராவில் இருக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை பாபு லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய போர்வையைக் கொடுத்தான். டீ கொடுத்தேன். நான் எதைச் சொன்னாலும் நீங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று குறைப்பட்டேன். அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணி, அண்ணன எதுனா திட்டணும்னா லெஃப்ட் சைடுல குந்திக்கினு திட்டுங்க. உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி."

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னான். தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டான். மீதிக் கதையைக் கேட்டு வாங்கினேன். இடது செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, குளிக்கும் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது என்று பிவண்டி டாக்டர் போன ஆடியிலேயே சொன்னாராம், எட்டு மாதம் ஆகிறது.

உங்கள் தறி ஷெட்டில், அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் அறுந்தாலும் கையால்தான், டீ வந்தாலும் கையால்தான், முதலாளி வந்தாலும் கையால்தான். அங்கே ஒருவர் செவிடாகிப்போனால் ஓய்வு பெறும் நாள் வரை யாருக்கும் தெரியாது. மறைந்துகொள்ள நல்ல இடம் பார்த்தீர்கள்.

பொங்கல் லீவில் திருப்பதி நீச்சல் குளத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியிலும் அப்படித்தான். தண்ணீருக்கடியில் கையால் பேச வேண்டும் என்றார் பயிற்சியாளர் மோனிகா. பத்துப் பேரில் நீங்கள் ஒருவர்தான் அரை மணியில் எல்லாச் சைகையையும் பிடித்துக்கொண்டீர்கள். பிறவி டைவர் என்று அந்தப் பெண் பாராட்டியது. நானும் கை தட்டினேன். இப்போது நினைத்தால் என் கையையே அறையலாம் போலிருக்கிறது. அன்று பஸ்ஸில் என் தோளில் தூங்கினீர்கள். காலையில் சேலைத் தோளில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. குளத்து மருந்து என்றீர்கள். குளத்து மருந்துக்கு ரத்த வாடை அடிக்காது.

நேற்று திருப்பதியில் காது டாக்டரைப் பார்த்தேன். ஓட்டை வழியாகக் கடல்நீர் உள்ளே போனால் தலை சுற்றி, மேலே எது, கீழே எது என்றே தெரியாமல் போகுமாம். அங்கே உங்களுக்கு ஜோடி நான். நான் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது அடி ஆழத்தில் நான் கையால் நலமா என்று கேட்டிருப்பேன். நீங்களும் கையாலேயே நலம் என்று பொய் சொல்லியிருப்பீர்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்றும் தெரியும். என் பயணம் கெடக்கூடாது. அந்தப் பெருந்தன்மைக்கு வந்தனம். ஆனால் இந்த ஆசையே உங்களுடையது. கடலுக்கடியில் சத்தமே இருக்காதாம் சங்கரி, ஒரு வாரமாவது அப்படி இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். சத்தமில்லாத இடத்துக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் பாதி தூரம் போய்விட்டீர்கள்.

படிவத்தை நான் அனுப்பவில்லை. கப்பல் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். ஓட்டையைச் சின்ன ஆபரேஷனில் அடைக்கலாம் என்கிறார் டாக்டர். கடலில் இறங்கலாமா என்பதை ஆறியபிறகு பார்த்துத்தான் சொல்வாராம். இறங்கக்கூடாது என்றால் கரையில் உட்கார்ந்து பார்ப்போம். மீன் அங்கேயும் வரும். இருபத்திரண்டாம் தேதி அவரைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் தேதிக்குக் கல்யாண் ஸ்டேஷனிலிருந்து ரேணிகுண்டாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், இதனுடன் இருக்கிறது. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம், உங்கள் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தூங்குவதற்கு முன், வடமாலப்பேட்டை தாண்டும்போது, பக்கத்தில் ஆள் இருந்ததால் உங்கள் காதோரம் குனிந்து மெதுவாக ஒன்று சொன்னேன். சிரித்துத் தலையாட்டினீர்கள். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிவண்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து இரண்டு மாதமாக உங்களோடு நான் சரியாகப் பேசவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர் என்று உங்களை மனதுக்குள் என்னவெல்லாமோ திட்டினேன். பாபு வந்துபோன பிறகுதான் புரிந்தது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

அதை இங்கே எழுதுகிறேன். போதும். இனி அங்கே போக வேண்டாம். என்னோடு இருங்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குளியுங்கள். இதற்குத் தலையாட்டிக்கொண்டு இருக்காமல், ரயில் ஏறி நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
நீருக்கு மேலும் உங்கள் ஜோடி,
சிவசங்கரி