நான் கழுவிக் கெடுத்த கார்டும் நஸீரா தெரிந்தெடுத்த கார்டும்

அன்பான மச்சான் ரிஸ்வானுக்கு,

உன்னை அடக்கிய கப்றடியில் நின்று சொல்லும் ஸலாத்தை இங்கேயும் ஒரு தரம் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், ஊரே படிக்கும் என்று தெரியும். இருந்தாலும் முதலில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை நான் தண்ணீரில் கழுவிவிட்டேன்.

சும்மா நனைக்கவில்லை. வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, இரண்டு தரம் அலசி, கூரைத் தகட்டில் கருவாட்டுக்குப் பக்கத்தில் காயவும் வைத்தேன். உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய நாலு பேரில் நானும் ஒருவன். அதே கையால் உன் கார்டையும் குளிப்பாட்டினேன். நீயும் எழும்பவில்லை, அதுவும் எழும்பவில்லை.

கோபப்படாதே, விஷயத்தைக் கேள். நீ போய் மூன்று கிழமையில் ஸ்கிரீனில் கோடு கோடாக வரத் தொடங்கியது. உன் பெண்சாதி, என் தங்கச்சி நஸீரா கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்து பார்த்தால் கார்ட் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. எங்கள் கண்டக்குழிக் கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? நான் முப்பது வருஷமாகப் போட் எஞ்சின் திருத்துகிறவன். உப்பைக் கண்டால் என் கை வாளியைத்தான் தேடும். கடலால் வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஓடவிடாதவன் என் வாசலுக்கே வரக்கூடாது என்று எத்தனை பேருக்கு ஏசியிருக்கிறேன், உனக்குத் தெரியாதா?

“நல்லாக் காய்ஞ்சிட்டா நானா?” என்று நஸீரா கேட்டாள்.

“கருவாடே காய்ஞ்சிட்டு புள்ள” என்றேன்.

மாட்டி, சுவிட்சைப் போட்டோம். சின்னதாய் ஒரு சத்தம், சின்னதாய் ஒரு மணம். பிறகு ஒன்றுமில்லை. அந்த மிசினில் அந்தக் கார்டை விட்டால் படம் வர வேறு வழி கிடையாதாம். அதையும் பிறகுதான் சொன்னாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய பிள்ளை நீ. வந்த கிழமையே என்னோடு அடிபட்டாய், பிறகு கூட்டாளி ஆனாய், பிறகு என் தங்கச்சி நஸீராவைக் கேட்டு வந்து மச்சானும் ஆனாய். கரையில் உல்லாச விடுதி கட்டுகிறவர்களுக்கு, கட்டுவதற்கு முந்தியே அந்த வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கீறிக் காட்டுவதுதான் உன் தொழில். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தே நஸீராவும் பழகினாள். கடைசி இரண்டு வருஷமும் பாதிப் படம் அவள் கீறியது. பெயர் மட்டும் உன்னுடையது.

நீ கீறித் தர ஒப்புக்கொண்ட ஆறு கபானாக் குடிலும் அப்படியே கிடந்தன. அவற்றைக் கட்டுகிற சிங்கள முதலாளி, நீர்கொழும்பு மஹத்தயா, போன் எடுத்துத் துக்கம் விசாரித்தார். பிறகு நெளிந்து நெளிந்து, வேலையைக் கொழும்பில் யாருக்காவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். நாங்களே செய்கிறோம் என்று சொல்லச் சொன்னாள் நஸீரா. மாதக் கடைசி வரை பார்ப்பதாகச் சொன்னார்.

இன்னொரு பக்கம் புத்தளத்திலிருந்து உன் நானா. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்ததும் மிசினை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்து இரு என்கிறார் நஸீராவிடம். இரக்கத்தில்தான் சொல்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நஸீரா என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள்:

“இந்த ஆறையும் கீறிக் குடுத்திட்டா நான் என்ட வீட்டிலேயே இருந்திடுவன் நானா.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படி இருக்கிற நேரத்தில்தான் நான் வாளியைத் தூக்கியிருக்கிறேன்.

புதுக் கார்ட் வாங்க வேண்டும். வாங்கத் தெரிந்தவள் இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்ட மாட்டாள். வாசல் தாண்டக்கூடியவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். எப்படி இருக்கிறது ஜோடி? இத்தா முடியும் வரை கடைக்காரரோடு அவள் கதைக்கவும் மாட்டாளாம். அவள் கேட்பதை நான் அவரிடம் கேட்க வேண்டும், அவர் சொல்வதை நான் போனில் அவளிடம் சொல்ல வேண்டும். மொத்தத்தில் நான் ஒரு வயர்.

புறப்படும்போது ஒரு துண்டுக் கடதாசி தந்தாள். பெட்டிக்குள் எவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்கிறது, பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. லேஞ்சித் துணியில் முடிந்து ஒரு பென் ட்ரைவும் தந்தாள். நீ செய்து வைத்தது. குத்தினால், உன் மிசினை இயக்குகிற லினக்ஸ் அதிலிருந்தே ஓடுமாம்.

“கார்ட வாங்க முந்தி கடைக் கம்ப்யூட்டர்ல மாட்டி, இதக் குத்திப் பாருங்க. படம் சீரா வந்தா வாங்குங்க. வராட்டி எவ்வளவு வடிவா இருந்தாலும் வாணாம்.”

வடிவு என்றதும்தான் எனக்குச் சறுக்கியது மச்சான். புத்தளம் கடையில் கண்ணாடிக்குள் ஒன்று இருந்தது. மூன்று விசிறி, சுற்றிவரக் கலர் கலராக வெளிச்சம், பெருநாள் கடைத்தெரு மாதிரி. போன மாதம் வந்தது, இதைவிடப் புதுசு இல்லை என்றார் கடைக்காரர். என் கை காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. நஸீரா போனில் இருந்தது நினைவு வந்து, லினக்ஸில் ஓடுமா என்று கேட்டேன். ஓடுமாம். ஆனால் கார்டை ஓட்டுகிற ட்ரைவர் என்ற மென்பொருளைக் கம்பெனியிடமிருந்து தனியாக இறக்கிப் போட வேண்டுமாம்.

அதை அப்படியே போனில் சொன்னேன். அவள் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன், பிழை என்றால் சிரித்துக்கொள். அந்த ட்ரைவர் கம்பெனி பூட்டி வைத்த சாமான். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. லினக்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் சில வேளை அதோடு இது பொருந்தாமல் போகும், படம் வராது. தெரிந்த ஒருவர் இருந்து சரிப்படுத்த வேண்டும்.

“அவர் இருந்தா பாத்துக் குடுப்பார். இப்ப ஆரு நானா பாக்கிற?” என்றாள்.

மற்ற வகைக் கார்டுக்கு ட்ரைவர் லினக்ஸுக்குள்ளேயே வருமாம். திறந்த சாமான், உலகத்தில் யாராவது திருத்திக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் ஒன்றையும் தேடிப் போட வேண்டியதில்லை. அதிலும் ஆகப் புதுசு வேண்டாமாம், எங்கள் லினக்ஸுக்கு அதை இன்னும் அடையாளம் தெரியாதாம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் பழகிய இனம்தான் நல்லது என்றாள்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வெளிச்சத்தைப் பார்த்து மயங்கியிருப்பேனா? எங்கள் கரைக்கும் அப்படி எஞ்சின் வந்ததுதானே. கறுப்புப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் மூடி வைத்து, நின்றுபோனால் கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்று. நடுக்கடலில் நின்றவனிடம் கம்பெனி ஆள் நீந்தியா வருவான்? கடைக்காரரிடம் சொன்னேன், எவனும் திறந்து பார்க்கக்கூடிய கார்டாகப் பார்த்து ஒன்று தாங்க என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசு தட்டினார். இரண்டு விசிறி, வெளிச்சம் இல்லை, முகத்தில் ஒரு களையும் இல்லை. பெட்டியில் இருந்த இலக்கத்தை எழுத்து எழுத்தாக நஸீராவுக்கு வாசித்தேன். நீளம் சரி, பவர் சப்ளை தாங்கும், ட்ரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது என்றாள்.

அப்போது கடைக்காரர் நல்ல மனதோடு ஒன்று சொன்னார்.

“பாஸ், ஏன் இந்தக் கரைச்சல்? மிசினக் கொண்டாங்க, லினக்ஸ விட்டிட்டு எல்லாரும் பாவிக்கிறத நான் ஏத்தித் தாறன். காசு கட்டாத கொப்பி ஒண்டு கைல இரிக்கி.”

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் அல்லவா? போனில் சொன்னேன்.

“அது அவர் ஹலாலா உழைச்ச மிசின் நானா” என்றாள். அவ்வளவுதான்.

களவுக் கொப்பியில் கீறிய வீட்டில் எவன் நிம்மதியாகப் படுப்பான் என்று நீ எப்போதும் கேட்பாய். மாவட்டமே படுத்துக் குறட்டை விடுகிறது மச்சான் என்று நான் பகிடி பண்ணுவேன். அன்றைக்கு உன் பேச்சையே எடுத்து, சொந்தப் பேச்சுப் போலக் கடைக்காரருக்குச் சொன்னேன். அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாட்டிக் காட்டச் சொன்னதற்கும் அவருக்கு விருப்பமில்லை. நான் பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை இறக்கி ஓட்டிக் காட்டாமல் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா, கண்டக்குழிக்கு வந்து விசாரியுங்கள் என்றேன். மாட்டினார். பென் ட்ரைவைக் குத்தினார். கறுப்பு ஸ்கிரீனில் எழுத்து எழுத்தாக ஓடியது. ஆறு கபானாவும், தங்கச்சியின் வீடும் அந்தச் சின்ன விரல் நீளச் சாமானில் தொங்குகிற மாதிரி இருந்தது.

பிறகு படம் வந்தது.

என்ன படம் என்று உனக்குத்தான் தெரியுமே, பாவி. கவிழ்த்த தோணியில் நான் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. சாரன் முழங்காலுக்கு மேலே. தலைமாட்டில் ஒரு காகம். எப்போது எடுத்தாய்? அதை அந்தப் பென் ட்ரைவில் வைத்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? கடையில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் ஸ்கிரீனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“இது நீங்களா பாஸ்?” என்றார் கடைக்காரர்.

“ஓம்” என்றேன்.

கோடு இல்லை, நடுக்கம் இல்லை, நிறம் அசல் நிறம். என் பல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். நீ போன நாளிலிருந்து என்னை யாரும் பகிடி பண்ணவில்லை மச்சான். எல்லாரும் மரியாதையாகக் கதைக்கிறார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமா? அந்தக் கடையில் நின்று நான் கண்ணைத் துடைத்ததை, சிரித்துக் கண்ணீர் வந்ததாக அவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

“படம் வந்ததா நானா?” என்று போனில் நஸீரா. வந்தது என்றேன். “காகமும் தெரியுதா?” என்றாள். பிறகு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவள் தெரிந்துகொண்டேதான் தந்திருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையா அது, சொல்?

வீட்டில் மாட்டியபோது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுவிட்சைப் போட்டதும் ஸ்கிரீன் தானாக வந்தது. ஒன்றையும் இறக்கவில்லை, ஒன்றையும் ஏற்றவில்லை. பிஸ்மி சொல்லிக் கதிரையில் இருந்தாள். உன் கதிரையில். இத்தனை நாளும் அதில் அவள் இருந்து நான் காணவில்லை.

மூன்றாம் நாளே முதல் கபானாவின் படம் மஹத்தயாவுக்குப் போய்விட்டது. மஹத்தயா எனக்குப் போன் எடுத்து, பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, கடல் தெரிகிற ஜன்னல் நல்லாயிருக்கிறது, மற்ற ஐந்தையும் செய்யச் சொல்லுங்கள் என்றார். படத்தின் மூலையில் யார் பெயர் வரவேண்டும் என்றும் கேட்டார். ‘நஸீரா ரிஸ்வான்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னாள் அவள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. உன் நானா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மிசினை விற்கிற கதையை எடுக்கவில்லை. தன் கடை முகப்பையும் இப்படிக் கீறலாமா என்று மட்டும் கேட்டார்.

அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கட்டும் மச்சான். நான் ஒரு வாக்குத் தருகிறேன். இத்தா முடிந்ததும் நஸீராவை அந்தக் கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். அடுத்த சாமானை அவளே நின்று, அவளே கேட்டு, அவளே தெரிந்தெடுப்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். வாளியும் தண்ணீரும் அந்த அறை வாசலோடு நின்றுவிடும்.

மற்ற ஐந்து படமும் இப்போது மிசினில் வெந்துகொண்டிருக்கின்றன. கீறியதை மிசின் முழுப் படமாக்கும் வேலையை அப்படித்தான் சொல்கிறாள், வேகுது என்று. தொடங்க முந்தி உள்ளே தூசு தட்டித் தரக் கேட்டாள். காய்ந்த பிரஷால் தட்டினேன். பக்கத் தகட்டை மூடி நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினேன். வேலை தொடங்கிய பிறகு என் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது பெட்டிக்குள் இருக்கிறது. தகட்டுத் துவாரத்தால் அதன் ஒரு கால் தெரிகிறது. விசிறியில் படவில்லை. படம் வெந்து முடியும் வரை, நாளை அஸர்த் தொழுகை வரை, பெட்டியைத் திறக்கக்கூடாது என்று நஸீரா சொல்லிவிட்டாள். இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதினேன்.

உன் பெண்சாதியின் நானா, உன் பிள்ளைப் பருவத்துச் சண்டைக்காரன், உன் மச்சான்,
எஞ்சின் பாஸ் முபாரக்,
கண்டக்குழி.